சாங்ஷன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளின் கல்விக்கடனுக்காக வங்கிக்கு நடையாய் நடந்தேன். போன வாரம்தான் "சாங்ஷன் ஆயிடுச்சு சார்" என்றார்கள். அன்று இரவே டிவியில் ரஷ்யா மீது அமெரிக்கா போட்ட சாங்ஷன் பற்றி விவாதம். கொடுப்பதற்கும் தடுப்பதற்கும் ஒரே சொல்லா? இல்லை, ஒலி மட்டும் ஒத்துப்போகிற இரண்டு சொற்களா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஒரே சொல்தான். லத்தீனில் 'சாங்கிரே' என்றால் மீறக்கூடாதது என்று புனிதப்படுத்தி உறுதிசெய்வது. 'செயின்ட்' என்பதும் அந்த வேரில் வந்ததுதான். ரோமானியர்களின் சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'சாங்க்தியோ' என்று பெயர். அது இல்லாவிட்டால் சட்டம் வெறும் புத்திமதி. ஆக, உறுதிசெய்வதும் தண்டிப்பதும் பிறப்பிலேயே ஒட்டியிருந்தவை.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு ஆணை, கட்டளை என்றே பொருள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ், ஆண் வாரிசு இல்லையென்றால் மகளுக்கே நாடு போகட்டும் என்று 1713இல் பிறப்பித்த ஆணையின் பெயர் 'பிராக்மாட்டிக் சாங்ஷன்'. அதை ஏற்கும்படி ஐரோப்பிய அரசர்களிடம் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 1740இல் அவர் கண்மூடினார். மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரஷ்ய அரசர் பிரெடரிக், அவருடைய சைலீசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்துவிட்டார். ரோமானியர் கேட்டிருந்தால், தண்டனைப் பகுதியை எழுத சார்ல்ஸ் மறந்துவிட்டாரே என்று சிரித்திருப்பார்கள்.

பிறகு பாதை பிரிந்தது. மேலிடம் கையெழுத்துப் போட்டு உறுதிசெய்தால் அது ஒப்புதல். வெள்ளைக்காரர்களின் கோப்புகள் வழியாக நம் அலுவலகங்களுக்கு வந்தது இந்தப் பொருள்தான். எஸ்டிமேட் சாங்ஷன், சாங்ஷன் ஆன போஸ்ட் என்றெல்லாம் இன்றும் புழங்குகிறோம். தண்டனைப் பொருளைச் சட்ட வல்லுநர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து அது நாடுகளுக்கிடையிலான அரசியலுக்குப் போனது. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் விதித்தது இந்த வகை. ஆயுதம், கடன் எல்லாம் தடை. ஆனால் எண்ணெயை விட்டுவிட்டார்கள். முசோலினி வென்றார். 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா நம் மீதே விதித்தது, 2001 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

நம் செய்தித்தாள்கள் ஒன்றை 'ஒப்புதல்' என்றும் மற்றதைப் 'பொருளாதாரத் தடை' என்றும் எழுதுவதால் இந்த உறவு நம் கண்ணில் படுவதில்லை. நல்லதுதான், குழப்பம் மிச்சம்.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் உரசிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமானால் நம் நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும். அரசு ஊழியர் லஞ்சம் வாங்கினார் என்ற வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். வக்கீல்கள் பேச்சில் 'பிராசிக்யூஷன் சாங்ஷன்'. தண்டனைக்குக் கதவு திறக்கவே ஒரு அனுமதி! மறுக்கக்கூட வேண்டாம், கோப்பைக் கிடப்பில் போட்டாலே வழக்கு நகராது. பணி சார்ந்த பிற குற்றங்களுக்கும் இப்படியொரு அனுமதி உண்டு. அதில், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது: 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால், சாங்ஷன் கொடுத்ததாகவே கொள்ளப்படும்.