பாகோலோர் விழுந்த ஊரா?

அன்புள்ள ஐயா,

உங்கள் பிலிப்பைன்ஸ் பயணக் குறிப்பில் பாகோலோர் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. 1762இல் மெட்ராஸிலிருந்து போன ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்தபோது, ஸ்பானியர்களுக்கு அந்தச் சிற்றூர்தான் தலைநகரமாம். அந்தப் படையில் போன நம் சிப்பாய்களின் தடயம் அங்கே உண்டா? அப்படிப்பட்ட ஊர் எப்படி வீழ்ந்தது?

அன்புள்ள நண்பருக்கு,

சிப்பாய்கள் போனது உண்மை. சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தாவில் தங்கிவிட்டதாக அங்கே சொல்கிறார்கள். பாகோலோரில் தேட வேண்டாம். எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் 'நம்மாள் இருந்தானா' என்று கேட்கிற பழக்கத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள்.

'வீழ்ந்தது' என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. சிமோன் தெ ஆந்தா என்ற ஸ்பானிய அதிகாரி மணிலாவிலிருந்து தப்பி வந்து பாகோலோரில் ஆட்சி நடத்தினார். 1764இல் ஆங்கிலேயர் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிட்டார். பம்பாங்கா மாகாணத் தலைநகர் என்ற பெயரும் 1904இல் ரயில் ஓடுகிற சான் ஃபெர்னாண்டோவுக்குப் போனது. சரி, போகட்டும். அரசாங்கக் கச்சேரி இடம் மாறினால் ஊர் விழுந்துவிடுமா?

விழ வேண்டியிருந்தால் 1995இல் விழுந்திருக்கும். 1991இல் வெடித்த பினதுபோ எரிமலை மலைச்சரிவெல்லாம் சாம்பலைக் கொட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அதைச் சேறாக்கிக் கீழே இறக்கியது. லஹார் என்பார்கள். 1995 அக்டோபர் முதல் தேதி, புயல் மழையோடு வந்த லஹாரில் பாகோலோரின் கபாலன்தியான் என்ற பகுதியே புதைந்தது, ஏராளமானோர் இறந்தார்கள். சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம் மண்ணுக்குள் போனது. சேற்றைத் தடுக்க அரசு பிரம்மாண்டமான கரை கட்டியது, அதில் சான் ஃபெர்னாண்டோ தப்பித்தது. பாகோலோரின் பல பகுதிகள் கரைக்கு உள்ளே, சேறு தேங்குகிற பக்கம் மாட்டிக்கொண்டன. வரைபடம் போட்டவர்கள் கணக்கில் அந்த ஊர் முடிந்த கதை.

ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. தேவாலயத்தின் பீடத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதன் உயரத்துக்குப் பழைய இடத்தில் கூரை இடிக்கும் என்பதால் குவிமாடத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஜன்னல்கள் வாசல்களாயின. வீடுகளைத் தூண் மேல் உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோயிலுக்குள் ஒரு பாட்டி காலால் தரையைத் தட்டி, "எனக்குக் கல்யாணம் நடந்த தரை இதுக்குக் கீழே இருக்கு" என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை, வீட்டில் மாடி எடுத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். ஆந்தாவின் ஒன்றரை வருஷத்துக்கு வரலாறு என்று பெயர், இந்தப் பாட்டிகள் மண் சுமந்ததற்குப் பெயரே இல்லையா? யார் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு 'வீழ்ந்தது' என்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல கடிதம்தான். போவதானால் நவம்பரில், லா நாவல் என்கிற மாதா திருவிழாவுக்குப் போங்கள். கைந்தா வேறு திசை, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.