பெட்டிமேல் ஒட்டிய தாள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். நோட்டை எடு என்றால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். பள்ளியில் ஒரு பக்கம் எழுதினால் ஒரு ஸ்டார் தருகிறார்கள். நானும் வீட்டில் ஓர் அட்டை மாட்டி, பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு பொம்மை என்று ஆரம்பித்தேன். இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. இப்போது ‘எழுதினா என்ன தருவே?’ என்று கேட்கிறான். பிழைகளும் அதிகம். போன வாரம் தன் விளையாட்டுப் பெட்டிமேல் ‘இத தொட்ட கடிபேன்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான். மூன்று சொல், மூன்றும் பிழை. செல்போன்தான் காரணமா? கையெழுத்தைத் திருத்த என்ன வழி? அவனுக்கு எழுதப் படிக்க ஆர்வம் வர என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

அந்தப் பெட்டிக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

செல்போன் வருவதற்கு முன்பும் எழுத மறுத்த பிள்ளைகள் இருந்தார்கள். கையெழுத்து வரும்போது வரட்டும். ஆனால் எழுத்துகளை அடையாளம் காண்பதிலேயே அவன் விடாமல் தடுமாறினால், அதை ஆர்வக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். டிஸ்லெக்சியா என்ற கற்றல் சிரமமாக இருக்கலாம். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், திட்டாதீர்கள்.

அந்த ஸ்டார் அட்டையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்துப் பார்த்து, 1973-இல் வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். சிலரிடம் மட்டும், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்தபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் அவர்கள் வரைந்தார்கள். எதுவும் சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆசை குறையவில்லை. பேரம்தான் கெடுத்தது. உங்கள் மகன் கேட்பதும் நீங்கள் கற்றுக்கொடுத்த பேரத்தைத்தான்.

இப்போது பெட்டி. யாரும் ஸ்டார் தராமல், யாரும் எழுதச் சொல்லாமல், தனக்கு வேண்டும் என்று அவன் எழுதிய ஒரே வாக்கியம் அது. படிக்கப் போவது யார் என்று தெரிந்து எழுதியிருக்கிறான். படித்தவர் கையை எடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறான். எழுத்து எதற்கு என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அதைத்தான் நீங்கள் பிழைக்கு உதாரணமாக எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

என் அண்ணன் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது எனக்கு எட்டு வயது. அந்த வாரம் எங்கள் நாய் குட்டி போட்டது. நானாகவே ஒரு தாளை எடுத்து எழுதினேன்: ‘அண்ணா, நாய் குட்டி போட்டுடுச்சு. நாலு. ஒண்ணுக்கு மட்டும் கண்ணுக்கு மேலே கறுப்பு. அது உனக்கு.’ அப்பா வாங்கிப் பார்த்தார். சிவப்பு மையால் ‘போட்டுடுச்சு’வை அடித்துவிட்டு ‘ஈன்றுள்ளது’ என்று எழுதினார். ‘நாலு’ ‘நான்கு’ ஆயிற்று. ‘அது உனக்கு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, வாக்கியம் முடியவில்லை என்றார். மூன்று முறை எழுதவைத்தார். மூன்றாவது தாள்தான் தபாலில் போயிற்று. விடுமுறைக்கு வந்த அண்ணன் கேட்டான்: ‘அந்த லெட்டர் அப்பா எழுதினதுதானே?’ அவன் படிப்பு முடியும்வரை நான் அவனுக்கு இன்னொரு வரி எழுதவில்லை.

அப்பா கொடியவர் அல்ல. என் தமிழ் நன்றாக இருக்கவேண்டும் என்ற அக்கறைதான். உங்களுக்கும் அதே அக்கறைதான் என்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. பேசுவது ஒரு தமிழ், பாடப்புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். அரபு மொழிப் பிள்ளைகளுக்கும், சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். தன் வாயில் வருவதைத் தாளில் பார்ப்பது முதல் வேலை. ‘வந்துச்சு’ என்பவன் ‘வந்தது’ என்று எழுதப் பழகுவது அதற்கடுத்த வேலை. இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால், நாம் பேசுவது எழுதத் தகுந்ததல்ல என்பது மட்டும்தான் பிள்ளைக்குப் புரியும். அப்படியே விட்டால் நல்ல தமிழ் எப்போது வரும் என்று கேட்பீர்கள். தினமும் ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுத்துத்தமிழ் முதலில் காது வழியாகத்தான் வரும்.

நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். பேய், முத்தம், அம்மா. மறுநாள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பிரான்சில் செலஸ்தீன் ஃப்ரெனே முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டடிபட்டவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த மூச்சு போதாது. 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக்கோத்து அச்சடிக்கவைத்தார். அந்தத் தாள்கள் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போயின. அங்கிருந்து பதில் வந்தது. உங்கள் மகனின் பள்ளி நோட்டுக்குச் சிவப்புப் பேனாவைத் தவிர யார் பதில் எழுதியிருக்கிறார்கள்?

பெட்டிமேல் இருக்கும் தாளைக் கிழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அவன் தூங்கியபிறகு அதற்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டுங்கள். ‘தொடமாட்டேன். உள்ளே என்ன இருக்கு?’ என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துவிட்டுப் போய்விடுங்கள்.