லித்தியம் பேட்டரிக்கான பிஇஓ (பாலிஎத்திலீன் ஆக்சைடு) பிலிமில், மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலின் சேர்த்தால் அயனி கடத்துதிறன் கூடுமா?

கூடும். ஆனால் 1, 2 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். 10 சதவீதம் சேர்த்ததும் மின்தடை சட்டென்று இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே பெரும்பாலும் ஓடியது எலக்ட்ரான், அயனி அல்ல. அப்படியொரு பிலிமை பேட்டரி செல்லில் வைத்தால் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்கிவிடும்.

பிஇஓ சங்கிலிகள் அறை வெப்பத்தில் படிகமாக அடுக்கிக்கொள்ளும். லித்தியம் முக்கியமாக அடுக்கு கலைந்த பகுதியில்தான் நகரும். பாலிஅனிலினிடம் நமக்கு வேண்டிய வேலை அந்த அடுக்கைக் கலைப்பதுதான். அதனால் எலக்ட்ரானைக் கடத்தும், அமிலம் ஏறிய பச்சை வடிவம் வேண்டாம். அந்த அமிலம் லித்தியம் உலோகத்தையும் அரிக்கும். 0.1 மோலார் அம்மோனியா கரைசலில் ஒரு நாள் கலக்கி, கழுவி, நீல வடிவமாக்கி, வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள்.

1 கிராம் பிஇஓவுக்கு 0.33 கிராம் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு (20 ஆக்சிஜனுக்கு 1 லித்தியம்), 0.02 கிராம் பாலிஅனிலின், 25 மில்லி அசிட்டோநைட்ரைல். முதலில் பாலிஅனிலினை மட்டும் சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) அரை மணி நேரம் பிரித்துவிடுங்கள். பிறகு உப்பு, கடைசியில் பிஇஓவைச் சிறிது சிறிதாக. பிஇஓ விழுந்தபின் சோனிகேட் செய்தால் சங்கிலி அறுந்துபோகும்.

டெப்லான் தட்டில் ஊற்றி லேசாக மூடி வையுங்கள். ஜவ்வரிசி வற்றல் பிழிந்து உச்சி வெயிலில் போட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்குமே, வேகமாக உலர்ந்தால் அதேதான் இங்கேயும் நடக்கும். சிக்கிய கரைப்பான் பிலிமை இளக்கிக் கடத்துதிறனைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். பிறகு 50 டிகிரியில் 48 மணி நேரம் வெற்றிட அடுப்பில் வையுங்கள். 65க்கு மேல் பிஇஓ உருகும். ஐப்பசி மழையில், அதுவும் ஏற்காட்டுப் பனியில், பிலிம் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும்; செல் கட்டுவது க்ளவ் பாக்ஸில்தான் (ஈரம் புகாத மூடிய பெட்டி).

இம்பிடன்ஸ் (மாறுதிசை மின்சாரத்துக்கான தடை) அளவீடு மட்டும் போதாது. இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே வைத்து 0.1 வோல்ட் நேர்திசை (டிசி) மின்னழுத்தம் கொடுத்து, மின்னோட்டம் அடங்கும்வரை காத்திருங்கள்; மிஞ்சி நிற்பது எலக்ட்ரானின் மின்னோட்டம். 100 மைக்ரான் தடிமன், 2 சதுர செ.மீ. பிலிமில் இம்பிடன்ஸ் 100 ஓம் என்றால் மொத்தக் கடத்துதிறன் 5×10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ. அடங்கிய மின்னோட்டம் 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் எலக்ட்ரான் பங்கு 5×10⁻⁸, ஆயிரத்தில் ஒரு பங்கு; பரவாயில்லை. அதுவே 0.5 மில்லி ஆம்பியரில் நின்றால் பாதி எலக்ட்ரான். நார் வடிவப் பாலிஅனிலின் இந்த நிலைக்குக் குறைந்த அளவிலேயே வந்துவிடும்.

பாலிஅனிலின் இல்லாத பிலிமையும் கூடவே செய்து, இரண்டையும் ஒரே அளவு நாள் வைத்திருந்து அளந்து பாருங்கள். சூடு பட்ட பிஇஓ நாட்கணக்கில் படிகமாகிக்கொண்டே இருக்கும். நேற்றுத் தெளிவாக இருந்தது இன்று வெளுத்திருக்கும்.