பெல்லி டான்ஸ் வகுப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஒரு சந்தை ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு மருத்துவமனையில் வேலை. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மாமியார் எங்களுடன் இருக்கிறார். எனக்கு வயது 46. நூலக அறிவிப்புப் பலகையில், புதன்கிழமை மாலை பெல்லி டான்ஸ் வகுப்பு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிறுவயதில் ஏழு ஆண்டு பரதம் கற்றவள் நான். போய்ப் பார்க்க ஆசை. வீட்டில் சொன்னேன். கணவர் சிரித்தார். மாமியார், "அது ஹோட்டலில் ஆடுவதல்லவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் இரண்டு ஆண்டு அப்படியொரு வகுப்புக்குப் போனதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே என்னதான் நடக்கும்? பரதம் உதவுமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரதம் உதவாது, முதல் ஆறு மாதம் உபத்திரவம்தான் செய்யும். அரைமண்டியில் அமர்ந்து, இடுப்பை அசையவிடாமல் பூட்டி, பாதத்தால் தரையை அறையப் பழகியவர்கள் நாம். இங்கே பாதம் சத்தமே போடக் கூடாது. ஆட வேண்டியதோ நாம் பூட்டிவைத்த அதே இடம். முதல் நாள் கற்றுத்தந்த அசைவு இது: இடது காலில் எடையைப் போட்டு முட்டியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். வலது நுனிக்காலை முன்னால் வைத்துக் குதிகாலை உயர்த்த வேண்டும். பிறகு வலது இடுப்பை மேலே இழுத்து, கையிலிருந்து நழுவும் பை போலத் தொப்பென்று விட வேண்டும். நான் இடுப்புக்குக் கட்டளையிட்டால் தோள் எழுந்தது. தோளை அடக்கினால் புருவம் எழுந்தது. ஆசிரியை எதிரில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு விறைப்பாக நிற்கிறீர்கள், யாராவது வரப்போகிறார்களா?" என்று கேட்டார்.

தாளத்தில் மட்டும் நமக்குச் சலுகை உண்டு. எகிப்தில் தப்லா என்று அழைக்கப்படும் கோப்பை வடிவக் கொட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் சொல்லுக்கட்டு உண்டு. தோலின் நடுவே அடித்தால் தும், விளிம்பில் அடித்தால் தெக். "தும் தெக், தெக் தும், தெக்" என்று நான்கு எண்ணிக்கைக்குள் ஓடுவது மக்ஸூம் என்ற தாளம். மற்றவர்கள் இதற்கு மாதக்கணக்கில் தடுமாறினார்கள். நான் அன்றிரவே பாத்திரம் தேய்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், வந்துவிட்டது.

நான் போனது எஸ்ஸெக்ஸில் உள்ள சாஃப்ரன் வால்டனில். குங்குமப்பூ விளைவித்துப் பெயர் வாங்கிய ஊர். பயிர் போய் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. செவ்வாயும் சனியும் சந்தை. கூடத்தின் தரையில் பூப்பந்து ஆட்டத்துக்கு ஒட்டிய கோடுகள், சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், மூலையில் தேநீருக்குக் கொதிக்கும் பெரிய வெந்நீர்ப் பாத்திரம். பதினோரு பெண்கள் இருந்தோம். அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர், பள்ளி ஆசிரியை ஒருவர், இடுப்பு மூட்டு அறுவை முடிந்து நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை மட்டும் பாம்பாக நெளிப்பவர் ஒருவர். எல்லாருக்கும் கம்பளிக் காலுறை, ஏனென்றால் தரை அப்படிச் சில்லிடும். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, காசு தைத்த இடுப்புத் துணிகள் இருக்கும். ஆளுக்கொன்று எடுத்துக் கட்டிக்கொள்வோம். எனக்குக் கிடைத்த பச்சைத் துணியில் பாதிக் காசு உதிர்ந்துபோயிருந்தது. இடப்பக்கம் ஆடினால் சத்தம் வரும், வலப்பக்கம் வராது. அதே மாலையில் பக்கத்துக் கோபுரத்தில் மணியடிப்பவர்களுக்கும் பயிற்சி. எகிப்தியத் தாளம் ஒரு பக்கம், தேவாலய மணி ஒரு பக்கம். நடுவில் நாங்கள்.

ஆண் ஒருவரும் கிடையாது, பார்வையாளர் கிடையாது, குளிருக்கு மூடிய சன்னல்களில் எங்கள் மூச்சே திரை கட்டிவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தின் வீட்டு வடிவத்தை எகிப்தில் பலடி என்பார்கள். நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி என்கிறோமே, அந்த 'நாட்டு'தான் பலடி. அங்கேயும் கோழிக்கும் ரொட்டிக்கும் அதே அடைமொழி. கல்யாண வீட்டில் அத்தையும் சித்தியும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தங்களுக்குள் ஆடுவது. உங்கள் மாமியார் சொல்லும் ஹோட்டல் ஆட்டம் பிற்பாடு மேடைக்காக வந்தது. பதியா மசாப்னி என்ற பெண்மணி 1926இல் கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை அரங்கு அதற்குப் பெரிய நாற்றங்கால். பெல்லி டான்ஸ் என்ற பெயரே எகிப்தியர் வைத்ததல்ல. 'வயிற்று நடனம்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்து, 1893 சிகாகோ உலகப் பொருட்காட்சியில் கூட்டம் சேர்க்கப் பயன்பட்ட பெயர். மேடை வடிவத்தை எகிப்தில் 'ரக்ஸ் ஷர்கி', அதாவது கீழைநாட்டு நடனம், என்பார்கள். ஆடுபவர்களைத் துரத்திய கதையும் இதில் உண்டு. 1834இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி கெய்ரோவின் தொழில்முறை ஆடல்மகளிரைத் தெற்கே எஸ்னாப் பக்கம் விரட்டினார். பரதத்தின் முன்வடிவான சதிருக்கும் அதை ஆடிய தேவதாசிகளுக்கும் நேர்ந்ததை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, வயிற்றைக் காட்டச் சொல்வார்களோ என்று பயந்தால், பயம் வேண்டாம். நான் இரண்டு ஆண்டும் கம்பளிச் சட்டையோடுதான் ஆடினேன். எனக்குப் பிடிக்காமல் போனது வேறு. கோடைத் திருவிழாவுக்கு முகத்திரையும் ஒட்டு நகையுமாக மாறுவேடம் போட்டு மேடையேறலாம் என்று பேச்சு வந்தது. நான் வரவில்லை என்றேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை. வெளிநாட்டு ஆட்டம் என்று யாராவது முகம் சுளித்தால், பக்கத்து தாக்ஸ்டெட் ஊரில் கணுக்காலுக்கு மேல் மணி கட்டிக்கொண்டு ஆண்கள் ஆடும் மோரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரும், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களைக் குறித்த 'மூர்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

கணவர் சிரித்தால் சிரிக்கட்டும். மாமியாரிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் உடன் அழைத்துப் போங்கள். என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அப்படித்தான் செய்தேன். சுவரோர நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேநீர் வந்த பிறகு என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"காலே தட்டவில்லையே. பிறகு எதற்குச் செருப்பைக் கழற்றினீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அம்மா இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து ஆடிய அம்மையாரிடம் தன் முட்டிவலியைப் பற்றித் தமிழிலேயே சொல்லத் தொடங்கியிருந்தார்.