வெட்டிய பழத்துக்கு எந்த எடையில் காசு?

மகளின் பிறந்தநாளுக்கு 60 பேருக்கு 15 கிலோ பழத்தட்டு சொல்லியிருந்தோம். வந்ததை நிறுத்துப் பார்த்தால் 9 கிலோதான். “தோலோட 15 கிலோம்மா” என்கிறார் கேட்டரிங்காரர். – வாசகி, மதுரை

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. தட்டில் வராத தோலுக்கும் தண்டுக்கும் நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கல்யாண சீசன் தோறும் இதே புகார் வருகிறது. ஆர்டர் கொடுக்கும்போது யாரும் எடையைப் பற்றிக் கேட்பதில்லை. தர்பூசணியில் தோல் போக நூற்றுக்கு 60 முதல் 65 பங்குதான் தேறும். அன்னாசியில் தோல், கண், நடுத்தண்டு போனால் பாதி. மாதுளையும் ஏறக்குறைய அப்படித்தான். திராட்சையில் காம்பு மட்டுமே கழிவு. அதனால்தான் மொத்த எடை பேசுகிறவர் தட்டைத் தர்பூசணியால் நிரப்புகிறார்: விலை குறைவு, எடை அதிகம், கழிவு உங்கள் கணக்கில். விருந்துக்குப் பின் தலைக்கு 150 கிராம் வெட்டிய பழம் போதும். 60 பேருக்கு 9 கிலோ. உங்களுக்குப் பழம் பற்றாமல் போயிருக்காது, ஆனால் மீதி 6 கிலோ குப்பைக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இனி ஆர்டரை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கொடுங்கள். எந்தப் பழம், வெட்டிய பின் எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வெட்டுவார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வெட்டிய பழம் வெளியில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். காலை ஆறு மணிக்கு வெட்டி மண்டபத்தில் பத்து மணிக்கு வைப்பதை ஏற்காதீர்கள்.

இப்போதைக்கு பில், குறுஞ்செய்தி, தராசில் வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்; அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஜெல்லி பவுடரில் அன்னாசித் துண்டு போட்டுக் கப் கப்பாக வைத்தேன். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் உறையவில்லை. பழைய பாக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? – தஞ்சாவூர்

கடைக்காரர் மேல் தப்பில்லை. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி ஜெலட்டினைச் சிதைத்துவிடும். பப்பாளியும் கிவியும் அதே வேலையைச் செய்யும். அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போட்டால் உறையும். பாக்கெட்டில் அசைவக் குறி இருந்தால் ஜெலட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவக் குறியுள்ள ஜெல்லியைக் கடற்பாசிச் சத்து உறைய வைக்கிறது. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பல நிறப் பழங்களை அடுக்க நான் சொல்வது அகர் அகர் எனப்படும் சைனா கிராஸ். 10 கிராமை ஊறவைத்து, முக்கால் லிட்டர் தண்ணீரில் இழை ஒன்றுகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்க விடுங்கள். வெளியிலேயே உறைந்துவிடும் என்பதால் பழத்தை முன்கூட்டியே வெட்டி வைத்திருங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பின்பே. புளிப்போடு கொதித்தால் பிடிப்பு குறையும்.

பழம் கழுவும் லிக்விட் வாங்கலாமா? – சேலம்

வேண்டாம். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். தர்பூசணியின் தோலையும் வெட்டுவதற்கு முன் கழுவுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாளுக்கான ஆப்பிள், வாழை, தர்பூசணியை வெட்டி ஒன்றாக விலை உயர்ந்த ஏர்டைட் டப்பாக்களில் அடைக்கிறேன். புதன்கிழமை ஆப்பிள் கறுத்து, எல்லாம் கொழகொழவென்று ஆகிறது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாமா? – கோவை

டப்பா என்ன செய்யும்? ஆப்பிள், வாழை, தர்பூசணி மூன்றையும் ஒன்றாக ஐந்து நாள் அடைத்தது நீங்கள். தர்பூசணி விடும் தண்ணீரில் மற்றவை ஊறிப்போகும். அதற்குத் தனி டப்பா, இரண்டு நாள் கெடு. ஆப்பிளை ஒரு கப் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து ஐந்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஈரம் ஒற்றி வையுங்கள். இரண்டு மூன்று நாள் நிறம் மாறாது. வாழையை அன்றன்றைக்கு வெட்டுங்கள். மாதுளை முத்துகளை ஈரமில்லாத டப்பாவில், அடியில் டிஷ்யூ தாள் விரித்து வைத்தால் நான்கு நாள் வரும். ஐந்து நாளுக்கு ஒரே மூச்சில் வெட்டுவதை விடுங்கள். ஞாயிறும் புதனும் வெட்டுங்கள்.

பூ, நட்சத்திர வடிவக் கட்டர் செட் ஆன்லைனில் மலிவாக வருகிறதே? – திருச்சி

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அப்படி வந்த ஒன்று என் வீட்டில் கிடக்கிறது. தகடு மெலிசு, அன்னாசியில் அழுத்தினால் நட்சத்திரத்தின் முனை உள்பக்கம் மடங்குகிறது. உயரம் குறைந்தது 2 சென்டிமீட்டர், கை படும் மேல் விளிம்பு மடித்தது, இணைப்பில் இடைவெளி இல்லாதது: இந்த மூன்றையும் கடையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். பழத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்கள். பப்பாளி செங்காயாக இருக்கட்டும். கனிந்தால் வடிவம் நிற்காது.

மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் திராட்சையைக் குச்சியில் குத்திக் கொடுக்கலாமா? – நாகர்கோவில்

கூடாது. முழுத் திராட்சை தொண்டையை அடைக்கும். நீளவாக்கில் நான்காகக் கீறி, கிண்ணத்தில் கொடுங்கள்.