முட்டிவலியோடு டிக்கால் போகலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 64, முட்டிவலி உண்டு, சைவம். ஜனவரியில் அவரைக் குவாதமாலாவில் பழங்கால மாயா மக்களின் நகரம் சிதைந்து கிடக்கும் டிக்காலுக்கு அழைத்துப்போக ஆசை. "படி ஏற முடியாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது, பேசாமல் மெக்சிகோவின் மாயா நகரமான சிச்சென் இட்சாவுக்குப் போ" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: டிக்காலுக்கே போங்கள். சிச்சென் இட்சாவில் தரை சமதளம்தான், ஆனால் நடுவே மரமில்லாத திடல். வெயிலும் கூட்டமும் படுத்தும். அங்கேயும் பெரிய பிரமிடின் மேல் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. அம்மா பார்க்க நினைப்பது காட்டுக்குள் கிடக்கும் மாயா நகரம் என்றால் அது டிக்கால்தான்.

படிக்கட்டுக் கவலையை விடுங்கள். டிக்காலின் அடையாளமான முதல் கோயில், சுமார் 47 மீட்டர் உயரம், அதில் ஏறுவதும் எல்லோருக்கும் தடை. மன்னர் ஹசாவ் சான் கவீலின் கல்லறை அதன் அடியில்தான் இருந்தது. பெரிய சதுக்கத்தில் கீழே உட்கார்ந்து பார்ப்பதுதான் அதற்கு அழகு. நாலாம் கோயிலில் ஏற மரப்படி உண்டு. நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், அம்மா சதுக்கத்தின் நிழலில் இருக்கட்டும்.

கணக்குப் போட வேண்டியது நடையை. நுழைவாயிலிலிருந்து சதுக்கத்துக்கு நிதானமாக நடந்தால் அரைமணி, திரும்பவும் அதே தூரம். பாதி வழியில் முட்டி பிடித்துக்கொண்டால் ஆட்டோ கிடையாது. முடியாதவர்களை வண்டியில் கொண்டுபோக ஏற்பாடு இருக்கிறதா என்று வாயிலிலேயே கேட்டுவிடுங்கள். கைத்தடி அவசியம், பாசி பிடித்த சுண்ணாம்புக்கல் வழுக்கும்.

ஃப்ளோரஸ் ஊரில் தங்கினால் சுமார் 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்குப் பதில் டிக்கால் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதியில் ஓரிரவு தங்குங்கள். நாள் முழுக்க மின்சாரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய், பத்தரைக்குள் திரும்பி, அம்மா படுத்து எழுந்தபின் மாலையில் இன்னொரு சுற்று வரலாம். தனிக் கட்டணம் வாங்கி இருட்டில் அழைத்துப்போகும் சூரிய உதயச் சுற்றுலா உங்களுக்கு வேண்டாம். பல நாள் மூடுபனியில் சூரியனே தெரியாது. அந்நேரத்துக்கு ஊளைக் குரங்குகள் கத்துவது விடுதி அறைக்கே கேட்கும். சிங்கமோ என்று அம்மா பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒன்றை அம்மாவிடம் கட்டாயம் காட்டுங்கள். பாதையோரம் சில மரங்களின் பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தி கீறிய தழும்புகள் தெரியும். சூயிங்கம்மிற்காகப் பால் எடுத்த தடயம் அது. மரம் வேறொன்றுமில்லை, நம் சப்போட்டாதான். அதற்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம். கோயில் வாசல்களில் மாயா தச்சர்கள் வைத்த உத்தரமும் சப்போட்டாக் கட்டைதான். ஆயிரத்து இருநூறு ஆண்டு கடந்தும் அதில் சில பிழைத்திருக்கின்றன. சப்போட்டாவைப் பழமாக மட்டுமே அறிந்த நான் முதல் தடவை அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன், வழிகாட்டி பாவம், காத்திருந்தார்.

ஜனவரியில் விடியற்காலை குளிரும், எப்போதாவது தூறும். மெல்லிய சுவெட்டர் போதும். ஏப்ரல், மே என்றால் வேண்டாம் என்றிருப்பேன், வெக்கை தாங்காது. கொசுவும் உண்ணியும் உண்டு. முழுக்கால் உடை, கொசு விரட்டிக் களிம்பு, பாதையை விட்டு இறங்காத கால், இது மூன்றும் போதும். கையில் பிஸ்கட் பொட்டலம் தெரிந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு கோவாட்டி என்னும் நீள்மூக்கு விலங்குகள் கூட்டமாக வந்துவிடும், பையை மூடிவையுங்கள்.

சாப்பாடு பிரச்சினையில்லை: சோள ரொட்டி, கறுப்பு பீன்ஸ், சோறு, வாழைக்காய். ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதுண்டு. ஸ்பானிஷில் "சின் கார்னே, சின் மான்டேகா" என்று சொல்லுங்கள். இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்று பொருள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

அப்புறம், டிக்கெட் போடுவதற்கு முன் அம்மாவின் அமெரிக்க விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டுமா, பல தடவைக்கா என்று பாருங்கள். குவாதமாலா போய்த் திரும்ப வேண்டுமே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான விதி இப்போது என்னவென்று குவாதமாலா தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.