லீஃப்லெட் வரைபடம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைச் சேர்த்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் பக்கம் காலியாக இருக்கிறது.

பதில்: வரைபடம் வரவேண்டிய டிவ்வுக்கு, அதாவது பக்கத்தில் அதற்கென ஒதுக்கிய பெட்டிக்கு, உயரம் கொடுத்தீர்களா? சிஎஸ்எஸ்ஸில் 400 பிக்சல் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். உயரம் சொல்லாவிட்டால் அந்தப் பெட்டி பூஜ்ஜியமாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: இடங்களின் அட்ச, தீர்க்க எண்களை வைத்திருக்கும் ஜியோஜேசன் கோப்பு சரியான இடத்தில் விழுகிறது. அதே எண்களை எடுத்து நானே மார்க்கர் (இடத்தைக் காட்டும் குறி) வைத்தால் எங்கோ கடலில் போய் நிற்கிறது. ஏன்?

பதில்: இது எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம். லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும். பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சம் 48.85, தீர்க்கம் 2.35. கோப்பில் 2.35, 48.85 என்று இருக்கும். அதை அப்படியே மார்க்கருக்குக் கொடுத்தால் பாரிஸ் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் மிதக்கும். இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள் என்பதால் நிரல் வாயே திறக்காது. கோப்பை லீஃப்லெட்டின் எல்.ஜியோஜேசன் கட்டளை வழியாகக் கொடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். கையால் வைக்கும்போது மட்டும் நீங்கள் திருப்பவேண்டும். மாறிகளுக்கு எக்ஸ், ஒய் என்று பெயர் வைக்காமல் அட்சம், தீர்க்கம் என்றே வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேள்வி: டேபைத் திறந்தால் வரைபடம் ஒரு மூலையில் மட்டும் தெரிகிறது, மீதி சாம்பல் நிறம்.

பதில்: மறைந்திருந்தபோது அளவெடுத்துவிட்டது. டேப் திறந்த பிறகு, அளவை மறுபடி எடுக்கச் சொல்லும் இன்வாலிடேட்சைஸ் கட்டளையை அழையுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: 20,000 புள்ளிகள் போட்டதும் உலாவி திணறுகிறது.

பதில்: ஒவ்வொரு மார்க்கரும் பக்கத்தில் தனி உறுப்பு, திணறத்தான் செய்யும். மார்க்கர்கிளஸ்டர் செருகுநிரல் அருகருகே உள்ளவற்றை ஒரே வட்டமாகக் குவிக்கும். புள்ளிகள் தனித்தனியே தெரிந்தாக வேண்டுமென்றால் சர்க்கிள்மார்க்கர் என்ற வட்டக் குறிகளைப் போட்டு, அவற்றைத் தனி உறுப்புகளாக இல்லாமல் ஒரே கேன்வாஸில் வரையும் பிரிஃபர்கேன்வாஸ் அமைப்பை இயக்குங்கள். பல லட்சம் புள்ளிகள், சாய்க்கும் வரைபடம் என்று போனால் மேப்லிப்ரே என்ற வேறொரு வரைபட நூலகத்தின் பக்கம் போவதுதான் நல்லது.

கேள்வி: எல்லாமே இலவசம்தானே?

பதில்: நூலகம் இலவசம்; 2011 முதல் திறமூலமாகவே இருக்கிறது. படம் தரும் ஓடுகள், அதாவது வரைபடமாகச் சேரும் சதுரப் படத் துண்டுகள், வேறு கதை. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் ஓடுகள் நன்கொடையில் ஓடும் சர்வர்களிலிருந்து வருகின்றன. மொத்தமாகப் பதிவிறக்காதீர்கள். அப்புறம், மூலையில் இருக்கும் நன்றி வரியை அழகுக்காக நீக்காதீர்கள். தெருத் தெருவாகப் போய் அந்த வரைபடத்தை வரைந்த தன்னார்வலர்களுக்கு நாம் கொடுப்பது அந்த ஒரு வரிதான்.